ஒரே மாடல் டென்னிஸ் மட்டைகள் இரண்டு, கையில் வேறு வேறு கனம்: வீட்டிலேயே சமன் செய்ய முடியுமா?

பேஸ்லைன்27:
இரண்டும் ஒரே மாடல், ஒரே பிடி அளவு, ஒரே ஸ்ட்ரிங், ஒரே டென்ஷன். ஆனால் ஒன்றால் ஆடிவிட்டு அடுத்ததை எடுத்தால் பந்து முன்னாலேயே மட்டையில் படுகிறது. சமையலறைத் தராசில் முதல் மட்டை 334 கிராம், இரண்டாவது 326. பேலன்ஸ் (மட்டை இரு பக்கமும் சாயாமல் நிற்கும் இடம்) பார்க்க ஒரு ஸ்கேலின் விளிம்பில் வைத்தேன். ஒவ்வொரு முறையும் 3, 4 மில்லிமீட்டர் மாறி வருகிறது. ஈய டேப் வாங்கி வைத்திருக்கிறேன். லேசான மட்டையின் தலைப்பக்கத்தில் 8 கிராம் ஒட்டினால் சரியாகிவிடுமா?

ஸ்ட்ரிங்_மெஷின்:
டேப்பை இப்போதைக்குத் தொடாதீங்க. முதல்ல ரெண்டு மட்டையிலயும் ஓவர்கிரிப் (பிடி மேல சுத்துற மெல்லிய பட்டை), டேம்பனர் (ஸ்ட்ரிங் அதிர்வைக் குறைக்கிற சின்னத் துண்டு) எல்லாத்தையும் கழட்டிட்டு எடை போடுங்க. ஒரு ஓவர்கிரிப் சுமார் 5 கிராம், டேம்பனர் 2, 3 கிராம் இருக்கும். வியர்வை ஊறின ஓவர்கிரிப் இன்னும் கொஞ்சம் கூடுதலா காட்டும். நீங்க பார்த்த 8 கிராம் வித்தியாசத்துல எவ்வளவு ஃபிரேமோடது, எவ்வளவு மேல சுத்தினதுன்னு இப்போ சொல்லவே முடியாது. ஓவர்கிரிப் பேலன்ஸையும் இழுக்கும். பிடியில 5 கிராம் ஏறினா பேலன்ஸ் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கைப்பக்கம் நகரும்.

தராசு மேல மட்டையை நேரா வெச்சா டிஸ்ப்ளே மறைஞ்சிடும், தட்டும் சாயும். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வெச்சு, பூஜ்ஜியம் பண்ணிட்டு, அது மேல மட்டையை வைங்க. தராசு 2 கிராம் தப்பாக் காட்டினாலும் கவலை வேண்டாம். ரெண்டையும் அதே தராசுல, அடுத்தடுத்து போட்டீங்கன்னா நமக்கு வேண்டிய வித்தியாசம் சரியா வந்துடும். டேப் எடை போட மட்டும் 0.1 கிராம் காட்டுற சின்னத் தராசு வேணும்.

பேலன்ஸ் ஏன் மாறுதுன்னா, மட்டை நிக்கிற இடம் 32 செ.மீ. பக்கம். அங்கதான் தண்டு ரெண்டாப் பிரிஞ்சு தடிமனும் மாறுது, அதனால விளிம்புல வழுக்கும். ஸ்கேலை விட்டுடுங்க. ஒரு அலுமினிய எல் ஆங்கிளை முனை மேல பார்த்த மாதிரி மேசையில டேப் போட்டு ஒட்டுங்க. ஸ்ட்ரிங் தரைக்கு இணையா இருக்கட்டும். மட்டை அசையாம நிக்கிற புள்ளியைத் தேடாதீங்க, அது கிடைக்காது. ஒரு ஒரு மில்லிமீட்டரா நகர்த்துங்க. தலைப்பக்கம் சாயுற இடத்துல ஒரு கோடு, கைப்பக்கம் சாயுற இடத்துல ஒரு கோடு. ரெண்டுக்கும் நடுவுலதான் பேலன்ஸ். பட் கேப்போட (பிடியோட அடி மூடி) கடைசி விளிம்புல இருந்து அளந்து எழுதுங்க. மூணு தடவை பண்ணினா 1 மில்லிமீட்டருக்குள்ள வந்து நிக்கும்.

கிராம்_கணக்கு:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எடையும் பேலன்ஸும் ஒன்றானால் மட்டைகள் ஒன்றாகிவிடாது. நடுவில் 10 கிராம் இருப்பதும், தலையில் 5, பிடியில் 5 என்று இருப்பதும் தராசுக்கும் விளிம்புக்கும் ஒன்றுதான். வீசும் கைக்கு ஒன்றல்ல. கை உணர்வது ஸ்விங்வெயிட்டை, அதாவது அடியிலிருந்து 10 செ.மீ.யில் உள்ள அச்சைச் சுற்றி வீசும்போது மட்டை எவ்வளவு கனமாகத் திரும்புகிறது என்பதை. அதையும் வீட்டில் அளக்கலாம்.

3 மி.மீ. கம்பி ஒன்றை மேசை விளிம்பிலிருந்து கிடைமட்டமாக நீட்டி, அசையாதபடி இறுக்குங்கள். மட்டையைத் தலைகீழாக, உச்சி ஸ்ட்ரிங்குக்கும் ஃபிரேமுக்கும் இடையே கம்பியை விட்டு மாட்டுங்கள். ஃபிரேமின் உள்விளிம்பு கம்பியின் மேல் உட்கார வேண்டும். லேசாகப் பக்கவாட்டில் ஆட்டிவிட்டு, 50 முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைக் குறியுங்கள். ஒரு ஆட்டம் என்பது போய்த் திரும்பி வருவது.

10 ஆட்டம் போதாது. விரல் 0.1 நொடி தாமதித்தால்கூட 10 ஆட்டத்தில் விடை 7, 8 புள்ளி (ஸ்விங்வெயிட்டின் அலகு, கிலோகிராம் × செ.மீ. வர்க்கம்) தவறும். 50 ஆட்டத்தில் அது ஒன்றரைப் புள்ளிதான். ஆட்டத்தின் வீச்சையும் கவனியுங்கள். 20 டிகிரிக்கு இழுத்துவிட்டால் நேரம் முக்கால் சதவீதம் நீள்கிறது, அதுவே 8 புள்ளியைக் கெடுத்துவிடும். 5 டிகிரி போதும்.

கணக்கு: எடையைக் கிலோகிராமிலும் நீளங்களைச் சென்டிமீட்டரிலும் எடுங்கள். கம்பியிலிருந்து பேலன்ஸ் புள்ளிவரை உள்ள நீளத்தைத் ‘தூரம்’ என்று வைத்துக்கொள்வோம்.

1. 24.84 × ஒரு ஆட்ட நேரத்தின் வர்க்கம் × எடை × தூரம்
2. அதிலிருந்து எடை × தூரத்தின் வர்க்கம் கழிக்கவும்
3. எடை × (பேலன்ஸ் − 10)ன் வர்க்கம் கூட்டவும்
4. 14 கழிக்கவும்

கடைசி 14 எதற்கென்றால், இப்படித் தொங்கும்போது மட்டை ஸ்ட்ரிங் தளத்திலேயே ஆடுகிறது. ஃபோர்ஹேண்டில் அதற்குக் குறுக்கே வீசுகிறோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலான மட்டைகளில் 13 முதல் 15 வரை. ஒரே மாடலை ஒப்பிடும்போது இது இரண்டு பக்கமும் ஒன்றாகவே அடிபட்டுப் போகும்.

பேலன்ஸில் 1 மி.மீ. தவறினால் விடையில் 2 புள்ளி தவறும். ஆகவே முதலில் அந்த எல் ஆங்கிள் வேலையைப் பொறுமையாக முடியுங்கள்.

பேஸ்லைன்27:
எல்லாம் கழற்றிவிட்டு அளந்தேன். முதல் மட்டை 327 கிராம், பேலன்ஸ் 32.4 செ.மீ. இரண்டாவது 321 கிராம், 32.1 செ.மீ. கம்பி தொடும் இடம் இரண்டிலும் அடியிலிருந்து 67.0 செ.மீ. 50 ஆட்டத்துக்கு முதல் மட்டை 70.98 நொடி, இரண்டாவது 71.00. நேரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதானே, அப்படியானால் ஸ்விங்வெயிட்டும் ஒன்றா?

கிராம்_கணக்கு:
இல்லை. நேரத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். கனமான மட்டை நேரத்தில் மாறாமலேயே ஸ்விங்வெயிட்டில் மாறலாம்.

முதல் மட்டை: தூரம் 34.6. வரிசையாகப் போட்டால் 566.4 − 391.5 + 164.1 − 14 = 325. இரண்டாவது: தூரம் 34.9. 561.1 − 391.0 + 156.8 − 14 = 312.9. வித்தியாசம் 12. பந்து முன்னாலேயே படுவதற்குக் காரணம் இதுதான், லேசானது சீக்கிரம் சுற்றி வருகிறது.

இப்போது டேப். கனமான மட்டையிலிருந்து சுரண்ட முடியாது, எனவே அதுவே இலக்கு. லேசானதற்குக் கூட்ட வேண்டியது 6 கிராம். எங்கே? 327 × 32.4 = 10594.8. 321 × 32.1 = 10304.1. வித்தியாசம் 290.7. அதை 6ஆல் வகுத்தால் 48.45. அதாவது 6 கிராமையும் அடியிலிருந்து 48.5 செ.மீ.யில் ஒட்டினால் எடையும் பேலன்ஸும் அச்சாக ஒன்றாகிவிடும். ஆனால் ஸ்விங்வெயிட் கூடுவது 0.006 × 38.45ன் வர்க்கம், அதாவது 9 மட்டுமே. 3 குறைகிறது.

அதனால் 6 கிராமைப் பிரிக்க வேண்டும். பிடியில் 8 செ.மீ.யில் 1.5 கிராம், தலையில் 62 செ.மீ.யில் 4.5 கிராம். எடை 6, பேலன்ஸ் அதே, ஸ்விங்வெயிட் 12. மூன்றும் பொருந்துகின்றன. நீங்கள் முதலில் நினைத்ததுபோல் 8 கிராமைத் தலையில், இதே 62 செ.மீ.யில் ஒட்டியிருந்தால் ஏறக்குறைய 22 புள்ளி ஏறி, லேசானது கனமானதாகியிருக்கும்.

வேறு மட்டைகளில் மூன்றும் எப்போதும் பொருந்தாது. அப்போது ஸ்விங்வெயிட்டை முதலில் பிடியுங்கள், பிறகு எடை. பேலன்ஸில் 2 மி.மீ. விட்டுக்கொடுக்கலாம்.

ஸ்ட்ரிங்_மெஷின்:
ஒட்டுற விதம் சொல்றேன். 62 செ.மீ.ங்கிறதை நடுக்கோட்டுல அளக்கணும், ஃபிரேமோட வளைவுல டேப் வெச்சு அளந்தா இடம் தப்பிடும். கடிகாரக் கணக்குல அது ஒன்றரை மணி, பத்தரை மணி இடம். பக்கத்துக்கு 2.25 கிராம். கால் அங்குல ஈய டேப் 10 செ.மீ.க்கு சுமார் 1 கிராம்தான் வரும், ஆனா சுருளுக்குச் சுருள் மாறும். நீளத்தை நம்பாம வெட்டின துண்டைத் தராசுல போடுங்க. பக்கத்துக்கு ஏழரை செ.மீ.ல மூணு அடுக்கு போதும், நடு 62ல இருக்கட்டும்.

ஃபிரேமை ஸ்பிரிட்டால துடைச்சுக் காயவிட்டு, உள்பக்கம் ஸ்ட்ரிங் வெளிவர்ற ஓட்டைகளை மறைக்காம ஒட்டுங்க. ஒரு கரண்டியோட முதுகுல அழுத்தித் தேய்ச்சா ஓரம் கிளம்பாது. பிடியில உள்ள 1.5 கிராமை ஓவர்கிரிப்புக்கு அடியில இல்ல, அடிக்கிரிப்பைப் பாதி பிரிச்சு அதுக்கும் அடியில ஒட்டுங்க. ஈயம் வியர்வையோட கையில படக்கூடாது. வேலை முடிஞ்சதும் கை கழுவுங்க. ஈயமே வேணாம்னா டங்ஸ்டன் டேப் இருக்கு, கணக்கு அதேதான்.

முடிஞ்சதும் மூணையும் திரும்ப அளந்து பாருங்க. அப்புறம் புது ஓவர்கிரிப் ரெண்டையும் சுத்துறதுக்கு முன்னால தராசுல போடுங்க. அரை கிராமுக்கு மேல வித்தியாசம் இருந்தா நீளமானதோட வால்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டிடுங்க. டேம்பனர் போட்டா ரெண்டுலயும் ஒரே மாதிரி போடுங்க, இல்லைன்னா ரெண்டுலயும் வேண்டாம்.