லேஸ் ஷால்: இரண்டாம் சார்ட்டில் மார்க்கரை ஒட்டி ஒரு கண்ணி மிஞ்சுகிறது

இழைக்கோலம் (கேள்வி)

வணக்கம். மெல்லிய லேஸ் கம்பளி நூலில் நீள்சதுர ஷால் ஒன்றைப் பின்னி வருகிறேன். இரு ஓரங்களிலும் மும்மூன்று கண்ணிகள், நடுவில் 16 கண்ணி கொண்ட ரிப்பீட் (திரும்பத் திரும்ப வரும் வடிவப் பகுதி) ஐந்து, அவற்றைச் சமன்செய்ய ஒரு கண்ணி என ஊசியில் மொத்தம் 87 கண்ணிகள் உள்ளன. முதல் சார்ட் (கட்டங்களில் குறிகளாக வரைந்த பின்னல் வரைபடம்) எவ்விதச் சிக்கலுமின்றி முடிந்தது. இரண்டாம் சார்ட்டின் முதல் வரிசையிலோ, முதல் ரிப்பீட்டின் கட்டங்கள் அனைத்தையும் பின்னி முடித்த பிறகும் மார்க்கருக்கு (ரிப்பீட்டின் எல்லையைக் காட்ட ஊசியில் மாட்டும் வளையம்) முன்னால் ஒரு கண்ணி மிஞ்சி நிற்கிறது. அதைச் சாதாரண நிட்டாகப் (நேர்ப் பின்னல்) பின்னிவிட்டுத் தொடர்ந்தால் அடுத்தடுத்த ரிப்பீட்டுகள் கணக்காக முடிகின்றன. ஆனால் வரிசையின் கடைசியில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்துப் பின்ன வேண்டிய இடத்தில் ஒரு கண்ணி குறைகிறது. பிரித்து எண்ணினால் 87 சரியாகவே இருக்கிறது. சார்ட்டிலேயே பிழை இருக்குமோ?

இன்னொரு சந்தேகமும் உண்டு. இதே சார்ட்டில் ஏழு கண்ணி நுப்புகள் (மொட்டுப்போல் திரண்டு நிற்கும் பின்னல்கள்) வருகின்றன. திரும்பி வரும் பர்ல் (நிட்டின் மறுபுறப் பின்னல்) வரிசையில் ஏழையும் சேர்த்துப் பின்ன முயலும்போது ஊசி உள்ளேயே நுழைய மறுக்கிறது.

ஊசிமுனை

தொடக்கத்தில் ஒன்று மிஞ்சி, முடிவில் ஒன்று குறைந்து, மொத்தம் மட்டும் சரியாக இருக்கிறது என்றால் உங்கள் எண்ணிக்கையிலும் பிழையில்லை, சார்ட்டிலும் பிழையில்லை. மார்க்கர்தான் குறுக்கே நிற்கிறது. இரண்டாம் சார்ட்டின் ரிப்பீட் எந்தக் குறியுடன் தொடங்குகிறது என்று பாருங்கள். மூன்று கண்ணிகளை ஒன்றாக்கும் இரட்டைக் குறைப்பு முதல் கட்டத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் குறைப்பு தன் ரிப்பீட்டின் முதல் இரண்டு கண்ணிகளோடு, முந்தைய ரிப்பீட்டின் கடைசிக் கண்ணியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு மிஞ்சியதாகத் தோன்றுவது அந்தக் கண்ணிதான்.

வரிசையின் தொடக்கத்தில் கடன் வாங்க முந்தைய ரிப்பீட் இல்லை என்பதால் அங்கு இரட்டைக் குறைப்புக்குப் பதில் இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கும் ஒற்றைக் குறைப்பு கொடுத்திருப்பார்கள். கடைசி ஓரத்திலும் அப்படியே. முழு மோட்டிஃபில் இரண்டு யார்ன் ஓவர்களை (ஊசியில் நூலைச் சுற்றி ஒரு கண்ணியைக் கூட்டித் துளை உண்டாக்குவது) ஓர் இரட்டைக் குறைப்பு ஈடுசெய்கிறது. ஓரத்துப் பாதி மோட்டிஃபில் ஒரு யார்ன் ஓவரை ஓர் ஒற்றைக் குறைப்பு ஈடுசெய்கிறது. இந்தச் சமன்பாட்டைச் சார்ட்டில் விரல் வைத்துச் சரிபார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மார்க்கருக்கு முந்தைய கண்ணியை எட்டியதும் மார்க்கரைக் கழற்றி, மூன்று கண்ணிகளையும் சேர்த்துக் குறைத்து, அந்தக் குறைப்புக்கு முன்னால் மார்க்கரைத் திரும்பப் போடுங்கள். வரிசை முடிந்ததும் ஒவ்வொரு பகுதியிலும் மீண்டும் 16 கண்ணிகள் இருக்கும். மார்க்கரை நகர்த்தச் சொல்லி வடிவமைப்பாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம். சார்ட் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது தேவைப்படாது என்று விட்டுவிடுகிறார்கள்.

நூல்கண்டு

மேலே சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். ஆனாலும், இத்தகைய சார்ட்டில் மார்க்கர்களைக் கழற்றி வைத்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. முந்தைய வரிசைகளைக் கண்ணால் வாசிக்கப் பழகினால் எண்ண வேண்டிய வேலை பாதியாகக் குறையும்: குறைப்பின் நடுக்கண்ணி கீழே எந்தக் கண்ணியின் மேல் உட்கார வேண்டும், அதன் இருபுறமும் துளைகள் எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்பது பின்னலிலேயே தெரிகிறது. ஒரு கண்ணி விலகினாலும் நடுக்கோடு சாய்ந்துவிடும். பின்னி முடித்ததை நனைத்து இழுத்து வடிவில் காயவைக்கும் பிளாக்கிங் செய்தால் அது மறைந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். உண்மையில் அப்போதுதான் இன்னும் பளிச்சென்று தெரியும்.

இரண்டாம் சார்ட்டைத் தொடங்கும் முன், வெறும் பர்ல் வரிசை ஒன்றில் வேறு நிறத்து வழவழப்பான பருத்தி நூலை எல்லாக் கண்ணிகளின் ஊடாகவும் கோத்து லைஃப்லைன் (பிழை நேர்ந்து பிரித்தால் கண்ணிகளைத் தாங்கிக்கொள்ளும் நூல்) போட்டு வையுங்கள். மார்க்கர் வளையங்களுக்குள் மட்டும் அந்த நூல் போய்விடக் கூடாது. போனால் மார்க்கர் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

மெல்லிழை

நுப்பைப் பற்றி நான் சொல்கிறேன். எஸ்தோனியாவின் ஹாப்சாலு ஷால்களுக்கு அடையாளமே இந்த நுப்புகள்தாம். பர்ல் வரிசையில் படும் பாட்டுக்குக் காரணம் அதற்கு முந்தைய வரிசையில் இருக்கிறது: ஒரே கண்ணிக்குள் நிட்டும் யார்ன் ஓவருமாக மாற்றி மாற்றி ஏழு வளையங்களை எடுக்கும்போது, ஒவ்வொன்றையும் வழக்கமான கண்ணியைவிட நன்றாக நீளமாக இழுத்துவிட வேண்டும். பார்ப்பதற்கு அலங்கோலமாகத்தான் இருக்கும். பர்ல் செய்து நூலை இறுக்கியதும் மொட்டுப்போல் திரண்டுவிடும். அப்படியும் ஊசி நுழையவில்லையென்றால், மெல்லிய குரோஷே ஊசியை ஏழு வளையங்களுக்குள்ளும் செலுத்தி நூலை இழுத்துக்கொள்ளலாம். நுப் இருக்கும் முன்பக்க வரிசை முடிந்ததும் கண்ணிகளை எண்ணாதீர்கள்; ஒவ்வொரு நுப்பும் ஆறு கண்ணிகளைக் கூடுதலாகக் காட்டும். பர்ல் வரிசையை முடித்த பின்பே எண்ணுங்கள்.

இழைக்கோலம்

அனைவருக்கும் நன்றி. மார்க்கரை நகர்த்திப் பின்னியதும் வரிசை கணக்காக முடிந்தது. அடுத்த முன்பக்க வரிசைகளிலும் ஒவ்வொரு முறையும் நகர்த்த வேண்டுமா? மேலும், ஓரிடத்தில் ஒரு யார்ன் ஓவர் விடுபட்டிருப்பதை இப்போதுதான் கவனித்தேன். அதற்காக முழு வரிசையையும் பிரிக்க வேண்டுமா?

ஊசிமுனை

இரட்டைக் குறைப்பு ரிப்பீட்டின் எல்லையில் வரும் வரிசைகளில் மட்டும் நகர்த்தினால் போதும். குறைப்பு ரிப்பீட்டின் நடுப்பகுதியில் விழுந்தால் மார்க்கரைத் தொட வேண்டியதில்லை. யார்ன் ஓவருக்காகப் பிரிக்க வேண்டாம். பர்ல் வரிசையில் அந்த இடத்தை அடைந்ததும், இரு கண்ணிகளுக்கும் இடையில் படுத்திருக்கும் நூலை இடது ஊசியில் தூக்கிப் போட்டு, அதை முறுக்காமல் பர்ல் செய்யுங்கள். துளை சற்றுச் சிறியதாகத் தெரிந்தாலும், பிளாக்கிங் செய்யும்போது பக்கத்துக் கண்ணிகள் விட்டுக்கொடுத்து மற்றத் துளைகளோடு ஒத்துவிடும்.