வாளியைக் கண்டாலே ஓடும் நாய்: கட்டிப்போட்டுக் குளிப்பாட்டலாமா?

பார்வதிபுரத்தான்:
எங்கள் வீட்டு லேப்ரடாருக்கு மூன்று வயது. சொத்தவிளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனால் அலைக்குள் பாய்ந்துவிடும். தெருவில் மழைத்தண்ணீர் கிடந்தால் அதில் புரண்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வரும். ஆனால் பின்பக்கம் வாளி நகர்த்தும் சத்தம் கேட்டால் போதும், காருக்கடியில் போய்ப் படுத்துவிடுகிறது. இழுத்தால் உறுமுகிறது. பக்கத்து வீட்டு மாமா, "சங்கிலியில கெட்டிப்போட்டு நாலு வாளி ஊத்து, தன்னால அடங்கும்" என்கிறார். வீட்டுக்காரி கூடவே கூடாது என்கிறாள். இது எங்கள் வீட்டில் பெரிய வழக்காகிவிட்டது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

குலசேகரம் ரப்பர்விளை:
மாமா சொன்னதுதான் சரி. எங்கள் விளையில் எந்தக் காலத்திலும் நாய் இல்லாமல் இருந்ததில்லை. ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் ஊற்ற, பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. நாயிடம் கெஞ்சிக்கொண்டு நின்றால் உண்ணி காத்திருக்குமா? உண்ணிக்காய்ச்சல் வந்து நாய் சோறு தின்னாமல் கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். குளிப்பாட்டும் முன் கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவினால் உண்ணியும் உதிரும்.

வடசேரி அக்கா:
அண்ணே, மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம். தோல் வெந்துபோகும். நாய் நக்கி உள்ளே போனால் அது விஷம். உண்ணியால் காய்ச்சல் வரும் என்பது உண்மை, ஆனால் வெறும் குளியலால் உண்ணி போகாது. அதற்குக் கழுத்தில் சொட்டுகிற மருந்தும் மாத்திரையும் இருக்கின்றன. சொட்டு மருந்து விட்டால் முன்னும் பின்னும் இரண்டு நாளாவது குளிப்பாட்டக் கூடாது, மருந்து நிற்காது.

கேள்விக்கு வருகிறேன். கடலுக்குள் அது தானாகப் போகிறது, வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடலாம். பின்கட்டில் ஓட வழியில்லை, கால் வழுக்குகிறது, தலையில் திடீரென்று தண்ணீர் விழுகிறது. இதில் சங்கிலியும் சேர்ந்தால் அது துள்ளும்போது கழுத்தைத்தான் வெட்டி இழுக்கும். உறுமல் என்பது "போதும், விடு" என்று நாய் சொல்கிற பேச்சு. அதை அடித்து அடக்கினால் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும்.

கடியபட்டணம் கரைக்காரன்:
கடலில்தான் குதிக்குதே, அங்கேயே குளிச்சிட்டு வரட்டும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். உப்பு தோலில் காய்ந்தால் அரிப்பு. விளையாட்டில் கடல்தண்ணீரைக் குடித்துவிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு. திரும்பி வந்ததும் எப்படியும் நல்ல தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். வாய்க்காலிலும் குளத்திலும் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. வருடாவருடம் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அதற்கும் சேர்த்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குலசேகரம் ரப்பர்விளை:
சரி, மண்ணெண்ணெயை விட்டுவிடுகிறேன். ஆனால் ஓட விடாமல் பிடிக்காமல் எப்படித் தங்கச்சி குளிப்பாட்டுவது? காருக்கடியில் உட்கார்ந்து பேச்சுவார்த்தை நடத்தவா?

வடசேரி அக்கா:
முதல் வேலை, தரை. பழைய சாக்கு ஒன்றை நனைத்து விரியுங்கள். டைல்ஸில் நகம் வழுக்குகிற பயம் போனாலே பாதி முரண்டு அடங்கிவிடும். அடுத்தது தீனி. மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) நன்றாக வேகவைத்து உப்பில்லாமல் மசித்து, முள் எடுத்த சாளை மீன் கொஞ்சம் பிசைந்து, ஒரு தட்டில் அப்பி சுவரோடு சாய்த்து வையுங்கள். அது நக்கிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் சில நாள் தண்ணீரே வேண்டாம், காலி வாளியும் தட்டும் மட்டும். அப்புறம் ஈரத்துணியால் காலைத் துடையுங்கள், அப்புறம் கப்பில் கொஞ்சம்.

ஊற்றும்போது உயரத்திலிருந்து சளார் என்று கொட்டாதீர்கள். கப்பின் விளிம்பை உடம்போடு ஒட்டிப் பிடித்து, காலிலிருந்து மேலே வாருங்கள். லேப்ரடாரின் உள்முடி அடர்த்தி, தண்ணீர் தோலுக்கு இறங்காது. கையை முடிக்குள் விட்டு அளைந்தால்தான் இறங்கும். தலை கடைசி, அதுவும் ஈரத்துணிதான். தலை நனைந்தால் உடம்பை உதறும், நீங்கள்தான் குளிப்பீர்கள். பிடிக்க வேண்டும் என்றால் நெஞ்சோடு போடும் பெல்ட் போடுங்கள். நாம் போடும் சோப்பும் ஷாம்பும் வேண்டாம், அதன் தோலின் அமிலத்தன்மை நம்முடையது போல இல்லை.

குலசேகரம் ரப்பர்விளை:
நாய்க்கு மரச்சீனியும் சாளையும்! எனக்கே ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்குது. சும்மா சொல்லவில்லை, எங்கள் பக்கம் ஆனி ஆடியில் மழை, மறுபடி ஐப்பசி கார்த்திகையில் மழை. செம்மண்ணில் புரண்டு நாய் திண்ணையில் ஏறுகிறது. வாரக்கணக்கில் பழக்க எங்கே நேரம்?

வடசேரி அக்கா:
மழைக்காலத்தில் அடிக்கடி குளிப்பாட்டினால்தான் வில்லங்கம் அண்ணே. அடிமுடி காயாமல் கிடந்தால் தோலில் புண் வரும். மண்ணை காயவிட்டு, சீப்பால் சீவி உதிர்த்து, துவர்த்தை (துண்டு) நனைத்துத் துடையுங்கள். தோலில் நோய் இல்லாத நாய்க்கு மாதம் ஒரு குளியல் தாராளம்.

மார்த்தாண்டம் மருந்துக்கடை:
இருவரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். இது குட்டியிலிருந்தே இப்படியா, இப்போதுதானா? தொங்கும் காது உள்ள நாய்க்குக் கடல்தண்ணீர் உள்ளே நின்றால் காது சீழ் பிடிக்கும். குளிக்கும்போது அங்கே கை படும், வலிக்கும், உறுமும். காது மடலைத் தூக்கி மோந்து பாருங்கள்.

பார்வதிபுரத்தான்:
பொங்கல் வரைக்கும் ஒழுங்காகத்தான் குளித்தது. இப்போது போய்ப் பார்த்தேன். இடது காதில் புளித்த வாடை, உள்ளே காப்பிப்பொடி மாதிரி அழுக்கு. தொட்டதும் தலையைச் சாய்த்துக்கொண்டு விலகுகிறது. நாளைக்கே டாக்டரிடம் காட்டுகிறேன். அதுவரை வீட்டில் இருக்கும் காதுச் சொட்டு மருந்தை விடலாமா?

மார்த்தாண்டம் மருந்துக்கடை:
வேண்டாம். செவிப்பறை ஓட்டையாக இருந்தால் சில மருந்துகள் காதையே கெடுத்துவிடும். டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்த பிறகுதான் மருந்து. பட்ஸும் உள்ளே விடாதீர்கள்.

குலசேகரம் ரப்பர்விளை:
காது ஆறட்டும். அதற்குப் பிறகும் காருக்கடியில் போனால் சொல்லுங்கள், சங்கிலியோடு பஸ் ஏறி வருகிறேன்.

வடசேரி அக்கா:
வாருங்கள் அண்ணே. வரும்போது குலசேகரம் சந்தையிலிருந்து ரெண்டு கிலோ மரச்சீனியும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.