மன்றோத்துருத்து வீட்டுச் சுவரில் உப்பு ஏறுகிறது, எந்தப் பூச்சு நிற்கும்?

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டைக்காரர்கள் நாங்கள். வேலை மாற்றலாகி போன சித்திரையில் கொல்லம் மாவட்டம் மன்றோத்துருத்துக்குக் குடிவந்தோம். கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் சேரும் இடத்தில் உள்ள தீவு. ஊரும் அக்கம்பக்கத்து மனிதர்களும் அவ்வளவு பிடித்துவிட்டது, வீடு மாற மனசே இல்லை.

பிரச்சினை சுவர்தான். பழைய வெட்டுக்கல் (செம்பூராங்கல்) வீடு, மேலே சிமெண்ட் பூச்சு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி உப்புத் தண்ணீர் முற்றம் வரை ஏறுகிறது. கார்த்திகை, மார்கழியில் திண்ணையையே தொட்டுவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு முழங்கால் உயரத்துக்குச் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. விரலால் தொட்டால் பூச்சு அப்பளம் மாதிரி உடைந்து விழுகிறது, உள்ளே கல் ஈரமாகவே இருக்கிறது. அம்மா படுக்கும் அறையில்தான் ரொம்ப மோசம், அவருக்கு மூச்சிரைப்பு வேறு.

வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தோம், கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாக சிமெண்ட் பூசினோம். ஈரம் அந்தப் பூச்சைத் தாண்டி இன்னும் மேலே ஏறிவிட்டது. உப்பைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவியும் பார்த்தாயிற்று. அடுத்த ஏற்றத்தில் மறுபடி பூக்கிறது.

இங்குள்ள கொத்தனார் ஒருவர், சிமெண்டை முழுக்க எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு போடச் சொல்கிறார், ஈரம் வெளியே ஆவியாகிப் போக அதுதான் வழிவிடுமாம். வீட்டுக்காரர் பாதிச் செலவை ஏற்கத் தயார்.

காயலோரத்திலோ கடலோரத்திலோ வெட்டுக்கல் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா, ஒரு மழைக்காலம் தாண்டி அது நின்றதா?