மருந்தைச் சாப்பிடுவதா, எடுப்பதா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

செங்காங்கிலிருந்து:

என் மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். சென்ற வாரம் ஆங்கிலக் கட்டுரைத் தாளை என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். பாட்டிக்குக் காய்ச்சல் வந்த கதை. மனம் வைத்து எழுதியிருந்தாள். பாட்டி மருந்து சாப்பிட்டார் என்ற வரியில் ‘ஈட்’ என்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு மேலே ‘டேக்’ என்று ஆசிரியர் திருத்தியிருந்தார். அதே பக்கத்தில் இன்னும் இரண்டு வட்டங்கள்: ‘ஓப்பன் த லைட்’, ‘டூ எ மிஸ்டேக்’.

“மருந்தை வாயில் போட்டு விழுங்கத்தானே செய்கிறோம்? எடுத்தால் கையில்தானே இருக்கும், அம்மா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். நாம் மருந்து சாப்பிடுகிறோம். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா ‘மக்கான் ஊபாட்’ என்பார், அதுவும் சாப்பிடுவதுதான். சீனத் தோழியிடம் கேட்டேன், மாண்டரினிலும் அப்படியே என்றார். எங்கள் புளோக்கில் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் மூன்று மொழிக்காரர்களும் மருந்தைச் சாப்பிடுகிறார்கள்; ஆங்கிலம் மட்டும் எடுக்கிறது. விளக்கும் அப்படித்தான். மலாயிலும் மாண்டரினிலும் விளக்கைத் ‘திறக்கிறார்கள்’. நாம் போடுகிறோம். என் மகள் பள்ளித் தோழிகளிடமிருந்து அந்தத் திறப்பைக் கற்றிருக்கிறாள். தவறு விஷயத்தில் குற்றவாளி தமிழ்தான்: வீட்டுப்பாடமும் செய்கிறோம், தவறும் செய்கிறோம், பலகாரமும் செய்கிறோம். ஆங்கிலமோ பாடத்துக்கு ‘டூ’, மற்ற இரண்டுக்கும் ‘மேக்’ என்று பிரித்துவைத்திருக்கிறது.

அவள் கவனக்குறைவால் எழுதியதில்லை என்பதை அவளுக்குப் புரியவைக்க வேண்டும். அதனால்தான் கேட்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி எளிய சொற்கள் ஒன்று சேர்ந்து காலை வாரியது உண்டா?

உட்லண்ட்ஸிலிருந்து:

அக்கா, வணக்கம். நான் சிவகங்கைப் பக்கம். கட்டுமான வேலைக்கு இங்கே வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. வந்த முதல் வாரத்தில் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப்போனார்கள். சட்டையைக் கழற்றி, எக்ஸ்ரே தட்டில் மார்பை ஒட்டி நிற்கச் சொன்னார்கள். தட்டு பனிக்கட்டிபோல் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒலிபெருக்கியில் ‘டேக் எ டீப் பிரெத், ஹோல்ட்’ என்று குரல் வந்தது. டேக் என்றால் எடு, ஹோல்ட் என்றால் பிடி. இரண்டும் ஆறாம் வகுப்பிலேயே படித்தவை. நடுவில் வந்த சொல் மட்டும் காதில் சரியாக விழவில்லை. எதையோ எடுத்துப் பிடிக்கச் சொல்கிறார் என்று நினைத்துத் தட்டின் இரண்டு ஓரங்களையும் இறுகப் பற்றிக்கொண்டேன். மூச்சு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. படம் கலங்கிவிட்டது. மறுபடி எடுத்தார்கள். நான் முன்னைவிட இறுக்கமாகப் பற்றினேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது.

மூன்றாவது முறை, கதவருகே தன் முறைக்குக் காத்திருந்த அண்ணன் ஒருவர், “தம்பி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்” என்றார். ஒரே நொடியில் முடிந்தது.

அன்று இரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. ‘பிடி’ என்ற சொல் நமக்கும் புதிதில்லையே, நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோமே என்று நினைத்துப் பார்த்தேன். மூச்சு என்ற பெயர்ச்சொல் கைநழுவியதும் வினைச்சொல் என்னைக் கைவிட்டுவிட்டது. அதன்பின் ஒரு சிறு குறிப்பேடு வாங்கினேன். காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங்கில் மேற்பார்வையாளர் சொல்வதைச் சேர்த்துச் சேர்த்து எழுதுவேன், தனிச்சொல்லாக எழுதமாட்டேன். ‘கிவ் வே’ என்றால் வழி விடு. ‘டேக் டர்ன்ஸ்’ என்றால் முறை வைத்துச் செய். ‘லூஸ் பேலன்ஸ்’ என்றால் நிலை தடுமாறு. ‘டேக் கவர்’ என்றால் மறைவில் ஒதுங்கு. டேக்குக்கு என்றே ஒரு பக்கம் ஒதுக்கினேன். பக்கம் நிரம்பியபோது பார்த்தால், ‘எடு’ என்ற பொருள் அதில் பாதி வரிகளுக்குக்கூட ஒட்டவில்லை.

ஈசூனிலிருந்து:

தம்பி எழுதியதைப் படித்ததும் என் அம்மாவின் நினைவு வந்தது. வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் இருந்தார். தினமும் காலையில் தாதி வந்து ‘பாஸ் மோஷன்?’, அதாவது வெளிக்குப் போனீர்களா, என்று கேட்பார். அம்மாவுக்குத் தெரிந்த பாஸ், தேர்வில் தேறுவது. தன் உடல் தேறிவருகிறது என்று தாதி சொல்வதாக நினைத்து, கையெடுத்துக் கும்பிட்டு “பாஸ், பாஸ்” என்று தலையாட்டியிருக்கிறார். மூன்று நாளும் பதிவேட்டில் ‘ஆம்’. நான்காம் நாள் மாலை நான் போனபோது வயிறு உப்பி, பேசவே சிரமப்பட்டார். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வயிற்று அறுவைக்குப் பிறகு குடல் மறுபடி வேலைசெய்யத் தொடங்கியதா என்பதை அந்தக் கேள்வியைக் கொண்டும் கணிக்கிறார்கள். எனக்கு யார்மீதும் கோபமில்லை; தாதியும் அன்பாகத்தான் கேட்டார்.

நான் அட்டை ஒன்றில் தமிழில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினேன். வெளிக்குப் போனீர்களா? சிறுநீர் கழித்தீர்களா? காற்றுப் பிரிந்ததா? எழுதும்போதுதான் கவனித்தேன். தமிழில் போவது, கழிப்பது, பிரிவது என்று மூன்று வினைகள். ஆங்கிலம் மூன்றுக்கும் ‘பாஸ்’ என்ற ஒன்றையே வைத்திருக்கிறது. முதியவர்களோடு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இந்த மூன்றையும் முதல் நாளே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

தோ பாயோவிலிருந்து:

நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். செங்காங் அம்மா, உங்கள் மகளின் கேள்வி நல்ல கேள்வி. அதற்கான விடை ஏற்கெனவே நம் தமிழ் இலக்கணத்தில் இருக்கிறது. வினைமரபு என்று படித்திருப்பீர்கள். கூடை முடைய வேண்டும், பாய் பின்ன வேண்டும், மாலை தொடுக்க வேண்டும், சுவர் எழுப்ப வேண்டும், பூக் கொய்ய வேண்டும். ஏன் கூடையைப் பின்னக்கூடாது என்று நாம் கேட்கவில்லை. கூடையும் முடைதலும் சேர்ந்தே மனத்தில் பதிந்தன. ஆங்கிலத்துக்கும் வினைமரபு உண்டு. ஆங்கிலேய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1950-களில் ‘கொலொக்கேஷன்’ என்று பேசியது இதைப் பற்றித்தான்.

தொல்காப்பியரும் இதில் கண் வைத்திருக்கிறார். தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலில் ‘வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்’ என்று ஒரு நூற்பா வருகிறது. அடிசில், அதாவது உணவு, என்ற பொதுச்சொல்லுக்குள் உண்பது, தின்பது, பருகுவது எல்லாம் அடங்குவதால் அதை ‘உண்டார்’ என்று ஒரு வினையில் அடைக்காமல் ‘அயின்றார்’ (உட்கொண்டார்) என்று பொதுவினையால் முடிக்க வேண்டும் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். இயம் என்றால் இசைக்கருவி; அதில் கொட்டுவதும் உண்டு, ஊதுவதும் உண்டு; ஆகவே ‘இயம்பினார்’. பெயரைப் பார்த்து வினையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நமக்கு அவ்வளவு பழையது. மருந்துக்கு ஆங்கிலம் ‘டேக்’ என்பதும் அதைப் போன்றதுதான்: மாத்திரை, பாகு, மூக்கில் உறிஞ்சுவது எல்லாவற்றையும் அந்தப் பொதுவினை தாங்கிக்கொள்கிறது.

மேக், டூ இரண்டையும் பிரிக்க ஒரு கைப்பிடி சொல்கிறேன். முன்பு இல்லாத ஒன்று புதிதாக உண்டானால் பெரும்பாலும் மேக்: சத்தம், வாக்குறுதி, சாக்குப்போக்கு, புகார். செய்து முடிக்க வேண்டிய வேலையானால் டூ: வீட்டுப்பாடம், கடமை, உடற்பயிற்சி. இது எல்லா இடத்திலும் காப்பாற்றாது. சேதம் புதிதாக உண்டாவதுதான், அதற்கு டூ. முடிவுக்கு மேக் என்பார்கள். இங்கிலாந்தில் டேக் என்பதும் வழங்குகிறது. ஆகையால் கைப்பிடியை நம்பி ஓடாமல், உட்லண்ட்ஸ் தம்பியைப்போல் இரண்டிரண்டாக எழுதிவைப்பதே மேல்.

எனக்கொரு கவலையும் உண்டு. என் பேரன் சென்ற ஞாயிறு வீட்டுக்கு வந்து, “தாத்தா, நான் பஸ் எடுத்து வந்தேன்” என்றான். பஸ்ஸில் வந்தேன் என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. ‘குளியல் எடுத்தேன்’ என்றும் சொல்கிறான். ஆங்கிலக் கட்டுரையில் தமிழ் நுழைந்தால் வட்டமிட ஆசிரியர் இருக்கிறார். தமிழ்ப் பேச்சில் ஆங்கிலம் நுழைந்தால் வட்டமிட வீட்டில் நாம்தான் இருக்கிறோம். அவனைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, குளித்தேன் என்று ஒரே சொல்லில் முடிகிறதே என்று காட்டினேன். “சின்னதாக இருக்கிறது” என்று மகிழ்ந்தான்.

மீண்டும் செங்காங்கிலிருந்து:

ஐயா, மிக்க நன்றி. கூடை முடைதலை மகளுக்குச் சொன்னேன். முடைதல் என்றால் என்ன என்று விரல்களைக் கோத்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். பிறகு இருவரும் தாளை எடுத்துக்கொண்டு ‘போடு’ என்ற ஒரு சொல்லை மட்டும் விரட்டினோம். கோலம் போட ‘டிரா’. ஊசி போட ‘கிவ்’. தேநீர் போட ‘மேக்’. கணக்குப் போட ‘டூ’. சட்டை போட ‘வேர்’. சண்டை போடுவதற்குத் தனியாக ஒரு வினை வேண்டாம், ‘ஃபைட்’ ஒன்றே போதும். இருபது வரிகள் சேர்ந்தன. “இங்கிலீஷ்காரர்களுக்குத் தமிழ் படிப்பதும் கஷ்டம்தான்” என்று சொன்னபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

தாள் இப்போது குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது. நேற்று மழையில் பள்ளியிலிருந்து வந்தவள் காலணியைக்கூடக் கழற்றாமல் ஒரு கேள்வி கேட்டாள். குடை பிடிப்பதற்கு என்ன வினை? ‘ஹோல்ட்’ என்றேன். மடக்கிய குடையையும் அப்படிப் பிடிக்கலாமே, நம் ‘குடை பிடி’ என்றால் விரித்துத் தலைக்கு மேல் பிடிப்பதல்லவா என்கிறாள். ஐயா, இதற்கு என்ன சொல்லட்டும்?