பூட்ஸ்ட்ராப் 4இலிருந்து 5.3: டிசைன் சிஸ்டம் தொகுப்பை மாற்றியதும் அக்கார்டியன், டிராப்டவுன் எல்லாம் மக்கர்

முன்முகம்:

வணக்கம். எங்கள் நிறுவனத்தின் டிசைன் சிஸ்டம் (பக்கங்களுக்குப் பொதுவான பட்டன், பெட்டி, நிறங்களின் தொகுப்பு) பூட்ஸ்ட்ராப் என்ற சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் மேல் கட்டியது. அதை என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் கருவி) தொகுப்பாகத் தருகிறார்கள்: கம்பைல் செய்த ஒரு சிஎஸ்எஸ் கோப்பு, ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, கூடவே சாஸ் (சிஎஸ்எஸ்ஸாகக் கம்பைல் ஆகும் ஸ்டைல் மொழி) மூலக் கோப்புகள். நான் பார்த்துக்கொள்ளும் ப்ராஜெக்ட், சர்வரிலேயே ஹெச்டிஎம்எல் தயாராகும் பழைய வகை. இவ்வளவு காலம் பூட்ஸ்ட்ராப் 4 அடிப்படையிலான பதிப்பு ஓடியது. இப்போது 5.3 அடிப்படையிலான பதிப்புக்கு மாறினோம்.

பழைய பக்கங்களில் அக்கார்டியன் (தலைப்பைக் கிளிக் செய்தால் விரியும் பகுதி) எதுவும் திறக்கவில்லை. கன்சோலில் ஒரு பிழையும் இல்லை. புதிதாக எழுதிய பக்கங்களில் டிராப்டவுன் திறந்த உடனே மூடிக்கொள்கிறது. சிஎஸ்எஸ்ஸின் ரூட்டில் (பக்கம் முழுவதற்கும் பொருந்தும் இடம்) பிஎஸ்-பிரைமரி என்ற முதன்மை நிற மாறிக்கு வேறு நிறம் கொடுத்துப் பார்த்தேன். பட்டன் மட்டும் அதே நீலத்தில் நிற்கிறது.

இன்னொன்று. கம்பைல் செய்த கோப்பை ஸ்டேடிக் ஃபோல்டரில் காப்பி செய்து வைத்துக்கொண்டால் போதுமா, இல்லை சாஸிலிருந்தே கட்ட வேண்டுமா? முன்பு இருந்தவர்கள் காப்பி செய்த கோப்புக்குள்ளேயே கைவைத்துத் திருத்தியிருக்கிறார்கள். எது எங்கள் திருத்தம், எது தொகுப்பில் வந்தது என்றே தெரியவில்லை.

நேர்கோடு:

டிராப்டவுனுக்கு மட்டும் சொல்கிறேன். ஸ்கிரிப்ட் இரண்டு தடவை ஏறுகிறது. லேஅவுட் கோப்பில் பழைய சிடிஎன் (வெளி சர்வரிலிருந்து கோப்பைத் தரும் சேவை) இணைப்பு மிச்சம் இருக்கும், பில்ட் வழியாகவும் ஒன்று வரும். ஒரு பிரதி திறக்கும், அடுத்த பிரதி அதே கிளிக்கைக் கேட்டு மூடும். பிரவுசரின் நெட்வொர்க் டேபில் பாருங்கள், தெரிந்துவிடும்.

வலைத்தச்சர்:

நேர்கோடு சொன்னது சரியாகத்தான் இருக்கும். மற்றவற்றுக்கு நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

தொகுப்பிலிருந்து உங்களுக்கு வருவது ஸ்டைலும் ஸ்கிரிப்டும். ஆனால் டிசைன் சிஸ்டத்துக்கு மூன்றாவதாக ஒரு பகுதி உண்டு: ஹெச்டிஎம்எல். அது உங்கள் டெம்ப்ளேட்களில் சிதறிக் கிடக்கிறது. என்பிஎம் அப்டேட் அதைத் தொடாது. மூன்றும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் வேலை செய்யும். உங்கள் அக்கார்டியன் சிக்கல் அங்கேதான். 2021 மே மாதம் வந்த பூட்ஸ்ட்ராப் 5இல் டேட்டா-டாகிள் என்ற பண்பு டேட்டா-பிஎஸ்-டாகிள் ஆனது. டேட்டா-டார்கெட், டேட்டா-பேரன்ட் இரண்டுக்கும் அதே கதை. பழைய பெயரைப் புதிய ஸ்கிரிப்ட் கண்டுகொள்ளாது. அதற்குத் தெரியாத பண்பு என்பதால் பிழையும் காட்டாது. அதுதான் கன்சோல் அமைதியாக இருக்கிறது. எம்எல், எம்ஆர் என்று தொடங்கும் இடைவெளி கிளாஸ்கள் எம்எஸ், எம்இ ஆகிவிட்டன. எஸ்ஆர்-ஒன்லி என்பது விஷுவலி-ஹிடன் ஆகிவிட்டது. இந்தக் கடைசியை விட்டுவிடாதீர்கள். ஸ்கிரீன் ரீடருக்காக மறைத்து வைத்த எழுத்தெல்லாம் திரையில் வந்து விழும்.

பழைய பெயர்களை மொத்தமாகத் தேடி மாற்றுவதோடு நிறுத்தாமல், அக்கார்டியனுக்கு ஒரே ஒரு பார்ஷியல் டெம்ப்ளேட் எழுதி எல்லாப் பக்கமும் அதை அழைக்கும்படி செய்யுங்கள். பட்டன், எச்சரிக்கைப் பெட்டி, ஃபார்ம் புலம் எல்லாவற்றுக்கும் இதேதான். ஹெச்டிஎம்எல்லை ஒரு இடத்துக்குக் கொண்டுவராமல் பதிப்பு மாற்றுவது பெரும் துன்பம். இதை நான் எல்லோரிடமும் வலியுறுத்திச் சொல்கிறேன்.

நிறம்: 5.3இல் ஒவ்வொரு பட்டன் வகையும் தனக்கென்று மாறிகளை வைத்திருக்கிறது. கம்பைல் ஆகும்போதே நீலத்தின் எண் அதற்குள் எழுதப்பட்டுவிடும், அதனால் ரூட்டில் மாற்றுவது பட்டனுக்குப் போய்ச் சேராது. சாஸில் பிரைமரி மாறியை பூட்ஸ்ட்ராப்பை இழுப்பதற்கு முன்னாலேயே எழுதுங்கள். உள்ளே எல்லாம் டீஃபால்ட் குறியுடன் இருப்பதால் முன்னால் வந்த மதிப்பே நிற்கும். ஹோவர், ஆக்டிவ் நிறங்களையும் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். சிஎஸ்எஸ்ஸிலேயே செய்வதென்றால் அந்த பட்டன் கிளாஸின் மாறிகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

காப்பியா, சாஸா? மாறிகள் எதையும் மாற்றப்போவதில்லை என்றால் கம்பைல் செய்த கோப்பே போதும். ஆனால் அதைக் கையால் காப்பி செய்து கிட்டில் (கோடின் பதிப்புகளைக் காக்கும் கருவி) சேர்க்காதீர்கள். ஒவ்வொரு பில்டிலும் என்பிஎம் தொகுப்புகள் இறங்கும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுக்கட்டும். எந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்பு என்று குறித்துவைக்கும் லாக் கோப்பு கிட்டில் இருக்கட்டும். உங்களுக்கு நிறம் மாற வேண்டும் என்பதால் சாஸ்தான் வழி.

அந்தத் திருத்தப்பட்ட கோப்பை நினைத்து அஞ்ச வேண்டாம். அதே பழைய பதிப்பின் அசல் கோப்பை என்பிஎம்மிலிருந்து இறக்கி, இரண்டையும் பிரிட்டியர் என்ற கோட் ஒழுங்குபடுத்தும் கருவியில் ஓட்டி வரிகளைப் பிரித்துவிட்டு டிஃப் எடுங்கள் (வரிக்கு வரி ஒப்பிடுங்கள்). வித்தியாசமாக வருபவை எல்லாம் உங்கள் குழு போட்டவை. அவற்றைத் தனிக் கோப்புக்கு மாற்றுங்கள். பாதி இனித் தேவைப்படாது என்பது என் அனுபவம்.

முன்முகம்:

மிக்க நன்றி. சிடிஎன் இணைப்பு உண்மையிலேயே பழைய லேஅவுட்டில் இருந்தது, எடுத்ததும் டிராப்டவுன் சரியாகிவிட்டது. டிஃப் எடுத்துப் பார்த்ததில் எங்கள் வரிகளில் பெரும்பாலானவை இம்பார்ட்டன்ட் (மற்ற விதிகளை மீறச் செய்யும் சிஎஸ்எஸ் குறி) போட்டவை. தனிக் கோப்புக்குக் கொண்டுபோனாலும் அது இல்லாமல் ஜெயிக்காது போலிருக்கிறது. அப்புறம் சாஸ் கம்பைல் செய்தால் இம்போர்ட் (வேறு கோப்பை உள்ளே இழுக்கும் விதி) பற்றி எச்சரிக்கை மழை.

வலைத்தச்சர்:

தொகுப்பின் ஸ்டைலை ஒரு கேஸ்கேட் லேயருக்குள் (சிஎஸ்எஸ் விதிகளுக்கு முன்னுரிமை வரிசை வகுக்கும் அடுக்கு) போடுங்கள். 2022 தொடக்கத்திலிருந்து குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வேலை செய்கிறது. லேயருக்குள் இருக்கும் விதி எவ்வளவு நீளமான செலக்டராக இருந்தாலும், வெளியே இருக்கும் உங்கள் சாதாரண விதிதான் ஜெயிக்கும். பெரும்பாலான இம்பார்ட்டன்ட்களை அப்படியே அழித்துவிடலாம்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். இம்பார்ட்டன்ட் என்று வந்தால் வரிசை தலைகீழ்: லேயருக்குள் இருப்பது வெளியே இருப்பதை வெல்லும். பூட்ஸ்ட்ராப்பில் ஒன்றை மறைக்க உதவும் டி-நன் போன்ற யூட்டிலிட்டி கிளாஸ்கள் எல்லாம் இம்பார்ட்டன்ட்டோடு வருபவை. அவற்றை மீற வேண்டிய நிலை வந்தால் தொகுப்பின் லேயருக்கு முன்னால் உங்களுக்கென்று ஒரு லேயரை அறிவித்து, அந்த விதியை இம்பார்ட்டன்ட்டோடு அதற்குள் எழுதுங்கள். ஆனால் முதலில் அந்த கிளாஸை ஹெச்டிஎம்எல்லிலிருந்து எடுக்க முடியுமா என்று பாருங்கள், அதுதான் சுத்தம்.

அந்த இம்போர்ட் எச்சரிக்கை, சாஸின் கம்பைலரான டார்ட் சாஸில் 1.80 பதிப்பிலிருந்து வருகிறது. இம்போர்ட் விதியை 3.0இல் நீக்கப்போகிறார்கள். பூட்ஸ்ட்ராப் 5.3 உள்ளே இன்னும் அதையே பயன்படுத்துவதால் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. பிறர் தொகுப்புகளின் எச்சரிக்கையை அடக்கும் கொயட்-டெப்ஸ் விருப்பத்தை இயக்குங்கள். அது வேலை செய்ய, நோட் மாட்யூல்ஸை லோட் பாத்தாக (சாஸ் கோப்புகளைத் தேடும் பாதை) கொடுத்திருக்க வேண்டும். புள்ளி, சாய்கோடு போட்டு உறவுப் பாதையில் இழுத்தால் சாஸ் அதை உங்கள் சொந்தக் கோப்பாகவே எண்ணும், எச்சரிக்கை நிற்காது. உங்கள் கோப்புகளை மட்டும் இப்போதே இம்போர்ட்டுக்குப் பதிலாக வந்த யூஸ் விதிக்கு மாற்றத் தொடங்குங்கள்.

இழைமணி:

ஒன்று சேர்க்கிறேன். பக்கம் ஏறிய பிறகு ஃபெட்ச் (ஸ்கிரிப்ட் வழியாக சர்வரிலிருந்து எடுப்பது) மூலம் வரும் ஹெச்டிஎம்எல் துண்டுகளில் டிராப்டவுன், கொலாப்ஸ் தானாக வேலை செய்யும். டூல்டிப், பாப்ஓவர் (சிறு விளக்கப் பெட்டிகள்) செய்யாது. அவற்றை ஒவ்வொரு தடவையும் நீங்களே தொடங்க வேண்டும், துண்டை நீக்கும்போது அவற்றை அகற்றும் டிஸ்போஸ் ஃபங்ஷனை அழைக்க வேண்டும். டிராப்டவுனுக்கும் இவற்றுக்கும் பெட்டி எங்கே தோன்ற வேண்டும் என்று கணக்கிடும் பாப்பர் நூலகம் தேவை, பண்டில் என்ற பெயர் கொண்ட ஸ்கிரிப்ட் கோப்பில்தான் அது சேர்ந்து வருகிறது.

முன்முகம்:

லேயர் போட்டுவிட்டேன், எங்கள் விதிகள் இம்பார்ட்டன்ட் இல்லாமலே நிற்கின்றன. அக்கார்டியன் பார்ஷியலும் எழுதியாயிற்று. ஸ்கிரிப்ட் ஏறாமல் போனால் அக்கார்டியனுக்குள் இருப்பதை யாரும் படிக்க முடியாதே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

வலைத்தச்சர்:

நல்ல கேள்வி. பிரிட்டன் அரசின் கவ்.யூகே டிசைன் சிஸ்டம் செய்வதைப் பாருங்கள். ஸ்கிரிப்ட் ஓடுகிறது என்று தெரிந்த பிறகே பாடி டேகில் ஒரு கிளாஸ் சேரும். அந்த கிளாஸ் இருந்தால்தான் அக்கார்டியன் உள்ளடக்கம் மறையும். இல்லையென்றால் எல்லாம் விரிந்தே இருக்கும். உங்கள் பார்ஷியல் ஒரே இடத்தில் இருப்பதால் இதையும் அங்கேயே செய்யலாம். ஒன்றிரண்டு கேள்வி-பதில் மட்டும் என்றால் பிரவுசரே விரித்து மூடும் டீடெய்ல்ஸ், சம்மரி டேகுகளே போதும், ஸ்கிரிப்டே வேண்டாம்.