வலசையின் நடுவே சேற்றங்கரையில் ஒரு காலை

கோடை முடியும் வாரங்களில் பறவை பார்க்கப் போவது வீண் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். பாட்டு ஓய்ந்துவிடும். இலையடர்த்தியில் எதுவும் கண்ணில் படாது. பட்டாலும் தேய்ந்து வெளுத்த இறகுகளோடு நிற்கும். அந்த எண்ணத்தை மாற்றியது கொசு உள்ளான் என்ற ஒரு சின்னஞ்சிறு கரைப்பறவை.

நீர் வற்றிக்கொண்டிருந்த ஏரிக்கரையில் விடியும் முன்பே போய்க் குப்புறப் படுத்துவிட்டேன். முழங்கைகள் சேற்றில், லென்ஸ் தரையோடு தரையாக. வெளிச்சம் வந்ததும் பத்துப் பதினைந்து உள்ளான்கள் தெரிந்தன. பெரும்பாலானவை வளர்ந்த பறவைகள். முதுகு கந்தலாகி, கோடைச் செம்மை மங்கியிருந்தது. நடுவே ஒன்று மட்டும் புத்தாடை உடுத்தியதுபோல் நின்றது. ஒவ்வோர் இறகின் நடுவிலும் கருமை, விளிம்பில் செம்பழுப்புக் கரை. முதுகின் இருபுறமும் இறங்கிய வெண்கோடுகள் இரண்டு, வாலருகே ஒன்றையொன்று நெருங்கின.

அந்த ஆண்டின் குஞ்சு அது. வட துருவத்தை ஒட்டிய தூந்திர நிலத்தில் முட்டையை விட்டு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். பெரியவை முன்னதாகவே கிளம்பிவிடும். வழிகாட்ட யாருமில்லாமல் இளசுகள் பின்னால் வந்து சேர்கின்றன. மனிதர்களை அதிகம் பார்த்திராததாலோ என்னவோ, இது கொத்திக்கொண்டே என்னை நோக்கி வந்தது. ஒரு நொடிகூடத் தலையை அசைக்காமல் இருப்பதில்லை; ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியைவிட மெதுவாக வைத்து எடுத்த படங்களிலெல்லாம் அலகு மங்கிப்போயிற்று. கடைசியில் லென்ஸ் ஃபோகஸ் செய்ய முடியாத அளவுக்குக் கிட்டே வந்துவிட்டது. கேமராவிலிருந்து கண்ணை எடுத்து வெறுமனே பார்த்தேன். அலகு நுனியில் ஒட்டியிருந்த ஈரமண்கூடத் தெரிந்தது.

அப்போதுதான் எதிர்க்கரையில் ஒருவர் எழுந்து நேராகக் கூட்டத்தை நோக்கி நடந்தார். பறக்கும் படம் வேண்டுமாம். மொத்தக் கூட்டமும் எழும்பிப் போய்விட்டது. எனக்கு இன்றும் ஆறவில்லை. இந்த நாட்களில் சேற்றில் கொத்தும் ஒவ்வொரு புழுவும் வழிப்பயணத்துக்கான கொழுப்பு. 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் என்ற இன்னொரு கரைப்பறவை அலாஸ்காவில் கிளம்பி ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இறங்கியது. 11 நாள், 13,560 கிலோமீட்டர், நடுவில் எங்கும் இறங்கவில்லை. அதன் வயது வெறும் ஐந்து மாதம். கிளம்பும் முன் உடம்பில் சேர்த்த கொழுப்பைத் தவிர வேறு என்ன துணை அதற்கு? இரை தேடும் கரைப்பறவையைப் படத்துக்காக விரட்டுவது அந்தக் கட்டுச்சோற்றைத் தட்டிவிடுவதுதான்.

வெயில் ஏறிய பின் சேற்றின் மேல் கானல் எழும். அப்புறம் எந்த லென்ஸாலும் கூர்மையான படம் வராது. அந்த நேரத்தில் நான் கம்பிகளில் வரிசையாகக் கூடும் தகைவிலான்களைப் பார்க்கப் போய்விடுவேன். வால் குட்டையாக இருப்பவை இளசுகள்.

*

ஒரு வாசகரின் மறுமொழி: மேலே கந்தல் இறகுகளைப் பற்றிப் படித்ததும் நான் பார்த்த வாத்துகள் நினைவுக்கு வந்தன. நாணல் ஓரம் நான்கைந்து பழுப்பு வாத்துகள் ஒதுங்கியிருந்தன. நெருங்கினால் பறக்கவில்லை, சிறகால் நீரை அடித்துக்கொண்டு நாணலுக்குள் ஓடின. அடிபட்டிருக்கிறது என்று பதறி, மீட்க ஆள் தேடினேன். பறவைகளை நன்கு அறிந்த ஒரு பெரியவர்தான் தடுத்தார். வாத்துகள் சிறகின் பெரிய இறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும், புதியவை முளைக்கும்வரை மூன்று நான்கு வாரம் பறக்க முடியாது என்றார். இந்த இனத்தின் பச்சைத் தலை ஆண்களும் அப்போது பெட்டையைப்போலப் பழுப்பாகி ஒளிந்துகொள்ளுமாம். "அலகைப் பாருங்கள்" என்றார். பார்த்தேன். மூன்றுக்கு மஞ்சள் அலகு, ஆண்கள்.

அன்றிலிருந்து நாணலை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தேன். நான்காம் வாரம் அவற்றில் ஒன்று நீரிலிருந்து செங்குத்தாக எழும்பியது. தலை இன்னும் பழுப்புதான். சிறகின் நீலத்திட்டு மட்டும் புத்தம் புதிதாக மின்னியது.