கட்டும்போது உடனே, வாங்கும்போது மார்ச் கடைசியில்: அரசுப் பணத்தோடு நம் அனுபவங்கள்

*ஓய்வுபெற்ற கருவூல ஊழியர்:*
பட்ஜெட் அன்று டிவியில் ஓடும் லட்சம் கோடிகள் இருக்கட்டும். வரி கட்டியபோதும் அரசிடம் பணம் வாங்கியபோதும் நேரில் பார்த்ததை எழுதுங்கள். அரசு அலுவலகங்களின் பில்லைச் சரிபார்த்துப் பணம் விடுவிக்கும் தமிழ்நாட்டுச் சார்நிலைக் கருவூலங்களில் வேலை பார்த்தவன் நான், நானே தொடங்குகிறேன்.

எங்களுக்கு வருஷம் என்றால் மார்ச்தான். சட்டமன்றம் ஒப்புதல் தரும் மானியம், அதாவது ஒவ்வொரு துறையும் செலவழிக்க ஒதுக்கும் பணம், மார்ச் 31 வரைதான் செல்லும். அதற்குள் எடுக்காத பணம் காலாவதி. ஏப்ரலில் வருஷம் பிறந்தாலும் பல திட்டங்களுக்கு அரசாணை வரவே ஆடி, ஆவணி ஆகிவிடும். அப்புறம் டெண்டர், அப்புறம் மழை. பொங்கல் முடிந்த பிறகுதான் பல அலுவலகங்களுக்கு ஒதுக்கீடு ஞாபகத்துக்கு வரும்.

31-ம் தேதி ராத்திரி மேசை நிறைய பில் கட்டு. கணக்குத் தலைப்பு (எந்த வகைச் செலவு என்று காட்டும் எண்) சரியா, ஒதுக்கீட்டில் மீதி இருக்கிறதா, அதிகாரியின் கையெழுத்து எங்களிடம் உள்ள மாதிரியோடு ஒத்துப்போகிறதா, வவுச்சர் இணைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு எண் தப்பென்றாலும் ஆட்சேபணை எழுதித் திருப்ப வேண்டியதுதான். ஒருமுறை மாணவர் விடுதிக்குப் போர்வை வாங்கிய பில்லை அப்படித் திருப்பினோம். கொண்டுவந்த எழுத்தர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து திருத்தி, நள்ளிரவுக்குள் மறுபடி கொடுத்தார். மார்கழிக் குளிருக்கு வாங்கியிருக்க வேண்டிய போர்வை, பங்குனி வெயிலில் பில்லாக வந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பணத்தை மார்ச்சில் எடுத்து வைப்புக் கணக்கில் போட்டுவிடுவார்கள். ஏட்டில் செலவாகிவிடும், ஊரில் ஒரு செங்கல்கூட வந்திருக்காது. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கைகளில் இது திரும்பத் திரும்ப வரும். இப்போது பில் எல்லாம் கணினி வழியாகப் போகிறது, கட்டுச் சுமப்பது நின்றுவிட்டது. மார்ச் நெரிசல் நிற்கவில்லை என்கிறார்கள் இப்போது வேலையில் இருப்பவர்கள்.

*சிறு ஒப்பந்தக்காரர், டெல்டா பக்கம்:*
ஐயா சொன்ன பில் கட்டுகளில் என் பில்லும் இருந்திருக்கும். தெருவில் சிமெண்ட் சாலை போட்டேன். முடித்த வேலையின் அளவைப் பதியும் எம்-புக்கில் அளவு ஏற்றியாயிற்று, பொறியாளர் கையெழுத்தும் ஆயிற்று. போய்க் கேட்டால் "நிதி வரலை" என்ற ஒரே பதில். ஜல்லிக்காரருக்கும் ஆட்களுக்கும் வட்டிக்கு வாங்கித்தான் கொடுத்தேன். நான் பில் போட்ட மாதத்துக்கான ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும், தாமதித்தால் வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. எனக்கு வர வேண்டியது எத்தனை மாதம் தள்ளினாலும் ஒரு பைசா வட்டி கிடைத்ததில்லை. அரசு வேலை வேண்டாம் என்று சின்ன ஆட்கள் ஒதுங்கிப் போவது இதனால்தான். மிஞ்சுவது, கையில் பணம் வைத்துக்கொண்டு காத்திருக்க முடிந்த பெரிய ஆட்கள் மட்டும்.

*மனை வாங்கியவர், மதுரை அருகே:*
நான் கட்டிய பக்கத்தைச் சொல்கிறேன். நான் பதிந்தபோது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்ச ரூபாய் மனைக்கு 1,80,000 ரூபாய். ஆன்லைனில் கட்டிய பிறகுதான் பத்திரமே நகர்ந்தது.

அந்த 7-ல் 2 சதவீதம் உள்ளாட்சிகளுக்கானது என்று பத்திர எழுத்தர் போகிறபோக்கில் சொன்னார். அதாவது என் ஒருத்தன் பணத்தில் 40,000 ரூபாய். எங்கள் ஊராட்சியில் மனைப்பிரிவுகள் பெருகிக்கொண்டே போகின்றன, தெருவிலோ வடிகால் கிடையாது.

அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து, பத்திரப் பதிவு வகையில் நம் ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டேன். செயலர் முதலில் முகம் சுளித்தார். பின்னால் உட்கார்ந்திருந்த நூறு நாள் வேலைக்கார அம்மாக்கள் "அவர் கேட்கிறது சரிதானே, படிங்க சார்" என்று சேர்ந்துகொண்டார்கள். வரவுப் பதிவேடு வந்தது. நாங்கள் நினைத்ததைவிடக் குறைவாகவும், தாமதமாகவும் வந்திருந்தது. அதை எங்கே செலவழித்தார்கள் என்பதற்கு அன்றைக்கு விளக்கம் இல்லை.

நவம்பர் 1 கூட்டத்துக்குச் செலவுப் பதிவேட்டையும் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டுத்தான் கலைந்தோம்.